பக்கத்து வீட்டு நாய் என்ற தாட்சண்யம்

"ஒண்ணும் ஆகாதும்மா, நம்ம ஜிம்மிதானே."

என் ஆறு வயது மகளின் முன்கையிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சொன்னது இது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் கை கால் உதறியது, குரல் தழுதழுத்தது. கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து, அவர் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும். ஜிம்மி குட்டியாக இருந்தபோது என் மகள் கையிலிருந்துதான் பிஸ்கட் தின்றது. அதனால் அந்த வார்த்தையை நானும் நம்பினேன். ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். தெருநாய் கடித்திருந்தால் அந்த இரண்டு நிமிடம்கூட நின்றிருக்க மாட்டேன், பிள்ளையை வாரிக்கொண்டு ஓடியிருப்பேன். தெரிந்தவர் வீட்டு நாய் என்றவுடன் தாட்சண்யம் குறுக்கே வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே, நாளைக்கு எப்படி முகத்தில் விழிப்பது என்றெல்லாம் மனசு கணக்குப் போடுகிறது. பெற்றவர்கள் யாரும் அந்தக் கணக்கைப் போடக் கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அது தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை இருக்கும். அக்கா வீட்டில் விருந்தாளிகள். மதியச் சாப்பாட்டு எலும்பையெல்லாம் ஒரு தட்டில் போட்டு, கேட்டுக்கு உள்ளே ஜிம்மிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கேட்டின் தாழ்ப்பாள் ஆறு மாதமாகவே சரியாக விழாது. இரண்டு வீட்டுக்கும் தெரியும், யாரும் சரி பண்ணவில்லை. பந்து உள்ளே உருண்டு போயிருக்கிறது. இவள் வழக்கம்போல் கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்க் குனிந்திருக்கிறாள். பந்துக்குப் பக்கத்தில் தட்டு இருந்ததை அவள் கவனிக்கவில்லை. சாப்பிடுகிற நாய்க்கு, தட்டுக்குப் பக்கத்தில் வருகிற கை யாருடையது என்று பார்க்கத் தோன்றவில்லை.

என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே முதலுதவி வகுப்பு நடக்கும். அதில் கேட்டது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது எங்கள் பாக்கியம். யாரிடமும் ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கி வாசல் குழாயடியில் உட்கார வைத்து, குளிக்கிற சோப்பை எடுத்து நுரைக்க நுரைக்கக் கழுவ ஆரம்பித்தார். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும். ஐந்து நிமிடத்திலேயே "போதும், விடுங்க" என்று நான் கெஞ்சினேன். அவர் விடவில்லை. பின்னால் டாக்டர் விளக்கினார்: வெறிநாய்க்கடி நோயை உண்டாக்குகிற ரேபிஸ் கிருமியின் வெளியுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு பட்டால் அது உடைந்துவிடும், மிச்சத்தை ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். சும்மா ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம் என்று வருத்தப்பட்டார்.

அதற்குள் என் அத்தை சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய ஊரில் அப்படித்தான் வைப்பார்களாம். எதிர்வீட்டில் ஒருவர், காப்பித்தூள் வைத்தால் ரத்தம் நிற்கும் என்றார். பெரியவர்களை அந்த நேரத்தில் தடுப்பது கஷ்டம்தான். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் பாத்துச் சொல்லட்டும் அத்தை, அப்புறம் எதுவானாலும் செய்யலாம்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய், மஞ்சள் எதுவுமே காயத்தில் படக் கூடாது. புண்ணை எரித்து ஆழமாக்கும், கழுவியதெல்லாம் வீணாகும். கழுவி முடித்த பிறகு வீட்டில் இருந்த பீட்டாடினை மட்டும் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அருகில் ஒரு சின்ன கிளினிக்தான் திறந்திருந்தது. அங்கே டி.டி. ஊசி போட்டு, கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, "வீட்டு நாய்தானே, மத்த ஊசியை நாளைக்கு வந்து போட்டுக்கலாம்" என்றார்கள். அதே பேச்சு, இப்போது வைத்தியம் பார்க்கிற இடத்திலேயே. நாங்களும் ஏறக்குறைய வீட்டுக்குத் திரும்பியிருப்போம். ஆட்டோவில் ஏறிய பிறகு என் கணவர், "நாளைக்குன்னு எதுக்கு விடணும்? கேஷுவாலிட்டி எப்பவும் திறந்துதானே இருக்கு" என்றார். வண்டியை அரசு மருத்துவமனைக்கு விடச் சொன்னோம். டி.டி. என்பது வில்வாத ஜன்னிக்கான ஊசி. அதற்கும் ரேபிஸுக்கும் சம்பந்தம் இல்லை. நாய்க்கடிக்கு ஒரு ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் முதலில் கட்டைப் பிரித்தார். நாய்க்கடியை மூன்று வகையாகப் பார்ப்பார்களாம். நாயைத் தொட்டது, காயமில்லாத தோலை நாய் நக்கியது முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், மேலோட்டமான பல் பதிவு இரண்டாவது, தடுப்பூசி வேண்டும். தோலைக் கிழித்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது எல்லாம் மூன்றாவது; தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சில இடங்களில் சீரம் என்றும் சொல்வார்கள். தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே காவல் நிற்பது இந்த மருந்துதான். அதனால் இதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும்தான் ஏற்றுவார்கள். வலிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், என் கணவர்தான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த மருந்துக்கு எடைதான் கணக்கு. இவள் 18 கிலோ. குதிரையிலிருந்து எடுக்கும் சீரம் என்பதால் கிலோவுக்கு 40 யூனிட், மொத்தம் 720. மில்லிக்கு 300 யூனிட் இருக்கிற குப்பியிலிருந்து 2.4 மில்லி எடுத்தார்கள். மனித ரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்தாக இருந்தால் கிலோவுக்கு 20 யூனிட். தடுப்பூசிக்கு இந்த எடைக் கணக்கு கிடையாது, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். நீங்கள் போகிற இடத்தில் சீரம் இல்லையென்றால் தடுப்பூசியை மட்டும் உடனே போட்டுக்கொண்டு, சீரம் எங்கே இருக்கிறது என்று அங்கேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் சீரத்தைப் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பிரயோஜனம் இல்லை. முடிந்தவரை அன்றைக்கே போட்டுவிடுவது நல்லது.

சீரம் ஏற்றுவதற்கு முன்னால் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கிருந்த நர்ஸ் அக்கா பாப்பாவின் கவுனைக் கழற்றச் சொன்னார். எதற்கு என்று புரியாமல் கழற்றினேன். முதுகு, தொடை, கழுத்து எல்லாம் பார்த்துவிட்டு, தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வலது காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, ஒரு கீறல். ரத்தம் வந்து உறைந்திருந்தது. பெற்ற நான் பார்க்கவில்லை, கழுவிய அவரும் பார்க்கவில்லை. கையில் வடிந்த ரத்தம்தான் எங்கள் எல்லார் கண்ணையும் பிடித்து வைத்திருந்தது. ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளைக்குப் பக்கத்தில் இருக்கிற காயத்துக்குத்தான் அவகாசம் குறைவு. பிள்ளைகள் குள்ளம், நாயின் வாய் உயரத்தில்தான் அவர்கள் முகமும் தலையும் இருக்கும். அந்தக் கீறலையும் மறுபடி 15 நிமிடம் கழுவி, அங்கேயும் சீரம் ஏற்றினார்கள். அந்த நர்ஸ் அக்கா இல்லையென்றால் எல்லாம் முறையாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். தயவுசெய்து பிள்ளையின் உடம்பை உச்சியிலிருந்து பாதம் வரை வெளிச்சத்தில் பாருங்கள்.

கையில் இருந்த கடி கொஞ்சம் வாய் பிளந்திருந்தது. "தையல் போட வேண்டாமா?" என்று கேட்டேன். நாய்க்கடியை முடிந்தவரை தைக்க மாட்டார்களாம். தைத்தே ஆக வேண்டுமென்றால், சீரம் ஏற்றிய பிறகு தளர்வாக ஒன்றிரண்டு தையல். புண் பழுக்காமல் இருக்க ஆன்டிபயாட்டிக் மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் தடுப்பூசிக்கான தேதிக் கணக்கு. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடுகிற முறை: இரண்டு கைகளிலும் மேற்பகுதியில் ஒவ்வொன்று, 0.1 மில்லி, கொசுக்கடி மாதிரி சின்னதாக எழும்பும். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். தனியாரிடம் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. எந்த முறையானாலும் பின்புறத்தில் போடக் கூடாது, குட்டிக் குழந்தைகளுக்குத் தொடையில் போடுவார்கள். இந்த பூஜ்யம்தான் எல்லாரையும் குழப்புகிறது. முதல் ஊசி போட்ட நாள் ஒன்றாம் நாள் இல்லை, பூஜ்யம். எங்களுக்கு ஞாயிறு பூஜ்யம் என்பதால் அடுத்தது புதன். நான் செவ்வாய்க்கிழமையே ஸ்கூலுக்கு லீவு சொல்லியிருந்தேன். ஏழாம் நாளும் ஞாயிறு, இருபத்தெட்டாம் நாளும் ஞாயிறு. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தோம். அந்த 28 நாளில் எத்தனையோ வரும், மூன்றாவது ஊசி போட்டதும் பிள்ளை நன்றாக ஓடியாடும், இனிமேல் எதற்கு என்று தோன்றும். தோன்றட்டும், போய்விடுங்கள்.

ஊசி என்றதும் அத்தை பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்குச் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம், வயிறு வீங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து, நம் நாட்டில் நிறுத்தி 20 வருடம் ஆகிறது. என் கணவர் இன்னொரு கதை சொன்னார். லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று முதன்முதலாக வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டது ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு. அவனைக் கடித்தது ஒரு மளிகைக் கடைக்காரர் வளர்த்த நாய். அவனுடைய அம்மா அல்சாஸிலிருந்து அவனைப் பாரீஸுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அந்த அம்மாவிடமும் யாராவது "வீட்டு நாய்தானே" என்று சொல்லியிருப்பார்களோ என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பத்தியம் பற்றி ஊரே ஒரு பட்டியல் கொடுத்தது. மீன் கூடாது, கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. டாக்டர் எதற்கும் தடை சொல்லவில்லை. மந்திரிக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார். மூன்றாவது ஊசி முடிந்த பிறகு அழைத்துப் போய் வந்தோம். ஊசியை விட்டுவிட்டு அங்கே போவதுதான் தப்பு.

இப்போது நாயின் பக்கம். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் தெருவில் கூட்டம். இரண்டு பையன்கள் கட்டையோடு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பயந்துபோய் ஜிம்மியைப் பண்ருட்டிப் பக்கம் உறவுக்காரர் முந்திரித் தோப்பில் விட்டுவிட வண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டையுமே என் கணவர் தடுத்தார். "பத்து நாள் அது உயிரோட நம்ம கண்ணு முன்னாடி இருக்கணும் அண்ணே. கட்டி வைங்க, சாப்பாடு போடுங்க, ஆனா எங்கயும் அனுப்பாதீங்க." நாய்க்கு ரேபிஸ் இருந்து எச்சில் வழியாகப் பரவுகிற கட்டம் வந்துவிட்டதென்றால் பத்து நாளுக்குள் அறிகுறி தெரிந்து செத்துவிடும். பத்து நாளும் நன்றாக இருந்தால் கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். கொன்றுவிட்டாலோ துரத்திவிட்டாலோ இந்தப் பதில் நமக்குக் கிடைக்காது. கொல்வது சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியை ஆரம்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஊசியும் காவலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

தினமும் காலையில் மதில் மேல் எட்டிப் பார்ப்பேன். சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரைக்கிற குரல் மாறியிருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, பின்னங்கால் இழுக்கிறதா. வெறிநாய் என்றால் கண்டபடி ஓடிக் கடிக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன். சில நாய்கள் ஒரு மூலையில் சுருண்டு, தாடை தொங்கி, சத்தமே இல்லாமல் கிடக்குமாம். ஜிம்மி பத்து நாளும் நன்றாக இருந்தது. அதற்குள் எங்களுக்கு மூன்று தவணை முடிந்துவிட்டது. கடைசி ஊசியையும் போட்டுவிடச் சொன்னார் டாக்டர், போட்டோம்.

"ஊசியெல்லாம் போட்டிருக்கோம்" என்று அக்கா சொன்னது பொய் இல்லை. மூன்றாம் நாள் ஜிம்மியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். போன வருஷம் போட்டிருந்தது 'செவன் இன் ஒன்' தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நாய்களுக்கு வரும் நோய்களுக்கானது. ஏழில் ஒன்று ரேபிஸாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அதில் ரேபிஸ் கிடையாது, அதைத் தனியாகப் போட வேண்டும். கடைசி ரேபிஸ் ஊசிக்கு ஒட்டிய ஸ்டிக்கர் மூன்று வருஷத்துக்கு முந்தையது. அக்கா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நாய் வைத்திருப்பவர்களின் வாய்வார்த்தையை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். புத்தகத்தைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காயத்தையும் தேதியோடு படம் எடுங்கள், ஓ.பி. சீட்டு, மருந்து பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

அண்ணனோடு பேசியதுதான் சிரமமாக இருந்தது. "உங்க பொண்ணு வாலைப் புடிச்சிருக்கும், இல்லன்னா அது கடிக்காது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பத்து நாள் காவல் முடியும்வரை சண்டை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். பதினோராம் நாள் காலையில் போய் உட்கார்ந்து மூன்று கேட்டோம்: தாழ்ப்பாளைச் சரி பண்ணி கேட்டுக்கு வலை அடிக்க வேண்டும், ஜிம்மிக்கு ரேபிஸ் ஊசி போட்டுப் புத்தகத்தைக் காட்ட வேண்டும், வெளியே கூட்டிப் போனால் சங்கிலியும் வாய்க்கூடும் வேண்டும். பணம் கேட்கவில்லை, ஆட்டோ செலவைத் தவிர எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தனியாரில் செலவு ஆகியிருந்தால் கேட்டிருப்பேன், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம். அவர் மறுத்திருந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருப்போம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது: தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இது 289-வது பிரிவு. அக்கம்பக்கத்து மேல் மனு கொடுப்பது பெரிய பாவம் மாதிரி நாம் நினைக்கிறோம். அந்தக் கேட்டு அப்படியே கிடந்தால் அடுத்து குனிவது எதிர்வீட்டுக் கைக்குழந்தையாக இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் முடியாதது பிள்ளையின் பயம். இரண்டு வாரம் படுக்கையை நனைத்தாள். கடித்த அன்றே பார்க்க வந்தவர்கள் எல்லாம் "நீ என்னடி பண்ணினே அதை?" என்றுதான் அவளிடம் ஆரம்பித்தார்கள். நான் யாரையும் அப்படிக் கேட்க விடவில்லை. "நீ ஒண்ணும் பண்ணல கண்ணு, அது சாப்பிட்டுட்டு இருந்துச்சு, அதுக்குப் பயம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சாப்பிடுகிற நாய், குட்டி போட்ட நாய், தூங்குகிற நாய் பக்கத்தில் போகக் கூடாது, நாய் துரத்தினால் ஓடாமல் கையை ஒட்டி வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் பிறகு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தோம். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் அத்தனை கூட்டத்தில் சாமி பார்க்காமல் நாய் எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்மார்ட் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாத் தவணையும் முடித்தவருக்கு மறுபடி எப்போதாவது நாய் கடித்தால் சீரம் தேவையில்லை, 0, 3 என்று இரண்டே நாள் ஊசி போதும். அதற்கு அந்தச் சீட்டுதான் அத்தாட்சி.

அக்கா வீட்டிலிருந்து கிண்ணம் இப்போதும் வருகிறது. கேட்டில் வலை அடித்திருக்கிறது, ஜிம்மியின் புத்தகத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஸ்கூல் வேனுக்குப் போகும்போது அந்த வீடு வந்ததும் என் மகள் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். ஜிம்மி நல்ல நாய்தான் என்று அவளிடம் நான் சொல்வதில்லை. நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே நடக்கிறேன்.